வரட்டும், வரட்டும்

ஏற்காட்டிலிருந்து இறங்கும் கடைசி பஸ்.
பதினான்காம் வளைவில் பனி
கண்ணாடியில் ஈரத்துணி போல் ஒட்டிக்கொண்டது.
எதிரே மிளகு மூட்டை லாரி,
ஏறவும் முடியாமல் இறங்கவும் மனமில்லாமல்.
நாங்கள்தான் பின்னால் போகவேண்டும்.

கண்டக்டர் இறங்கிப் போகிறார்.
சட்டையில் பெயர்: பொ. மாதையன்.
ஒரு டார்ச், ஒரு விசில்,
பிறகு இருட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல்:
வரட்டும்... வரட்டும்... வரட்டும்...

என் வலது கட்டைவிரல் தானாக மடிகிறது
இல்லாத ஒரு பொத்தானின் மேல்.

பத்து நாள் விடுப்பு எனக்கு.
அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் போடுகிறவர்
பீட்ரூட் துருவலை அள்ளிக்கொண்டே கேட்டார்,
"கப்பல்னா சரக்குக் கப்பலுங்களா?"
ஆமாம் என்றுவிட்டேன்.
கப்பலின் வால்விளிம்பில் நின்று
இறங்க வரும் விமானங்களோடு பேசுகிறவன் என்றால்
இன்னொரு செட் சாப்பிடவேண்டி வரும்.
ஓட்டுவது நானில்லை.
என்னிடம் இருப்பது ஒரு ரிசீவர்,
திருப்பி அனுப்ப ஒரு பொத்தான்,
ஆளுக்கு இருபது நொடி.

இந்த முறை ஆறு மாணவர்கள்.
கோவாவில் தரையில் வரைந்த தளத்தில்
சலிக்கச் சலிக்க இறங்கியவர்கள்.
தரை அசையாது, அதுதான் அதன் குறை.
கடலில் தளம் எழும், சாயும், விலகிப் போகும்.
தளத்தைப் பார்க்காதே, விளக்கைப் பார் என்பேன்.
சக்கரம் தொட்டதும் முழு வேகம் கொடு என்பேன்.
நிற்க வந்தவன் எதற்கு ஓடவேண்டும் என்று
முதல் நாள் ஆறு முகமும் கேட்டன.
கொக்கி கம்பியில் விழாமல் போகலாம்.
நின்றுவிட்டோம் என்று நம்புகிறவனுக்கு
அடுத்தது தண்ணீர்.

போன செவ்வாய் இரவு, பாருவா.
மூன்று முறை திருப்பி அனுப்பினேன்.
நான்காவது சுற்றில் மிச்ச எரிபொருளைச் சொன்னாள்,
ரேஷன் கடையில் பாக்கி சர்க்கரை சொல்வதுபோல.
அவள் குரலில் நடுக்கமில்லை,
என் முழங்காலில் இருந்தது.
தாழ்கிறாய், கொஞ்சம் பவர் என்றேன். அவ்வளவுதான்.
பயப்படாதே என்று மட்டும் சொல்லக்கூடாது.
அந்தச் சொல்லுக்குள்ளேயே பயம் உட்கார்ந்திருக்கிறது.

அதையும் திருப்பியிருக்கலாம்.
விரல் பொத்தானில்தான் இருந்தது.
ஏன் அழுத்தவில்லை என்று அறிக்கையில் எழுதினேன்,
எழுதியது பொய்யில்லை,
முழுசும் இல்லை.
மூன்றாம் கம்பி பிடித்தது.
மதிப்பெண் புத்தகத்தில் "சுமார்" என்று போட்டேன்.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை அவள்.
நல்லது.

வரட்டும்... ஒடிச்சு வரட்டும்...
பின்சக்கரம் ஏதோ கல்லில் ஏறி இறங்குகிறது.
யாரோ முருகா என்கிறார்கள்.
கூடை சரிந்து ஆரஞ்சுகள்
இருக்கைகளுக்கு அடியில் ஓடுகின்றன.
டிரைவர் அர்த்தனாரி திரும்பவே இல்லை.
கண்ணாடியிலும் பனிதான்.
காதால் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.
கல்லுக்கு முன்னும் பின்னும்
குரல் அதே உயரத்தில் இருக்கிறது.
நான் பல வருடம் பழகி வாங்கிய உயரம் அது,
இவருக்கு எந்தக் கப்பலில் கொடுத்தார்கள்?

ஓல்டான்!

லாரி உரசிக்கொண்டு போகிறது,
தார்ப்பாய்க் கயிறு ஜன்னலில் கீறிக்கொண்டே.
பனி கிழிந்த ஓரிடத்தில்
சேலம் முழுக்க விளக்குகள்.
பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியும்.

முட்டிவரை சேறோடு ஏறி வருகிறார் மாதையன்.
யாருக்கோ காலடியில் கிடந்த ஆரஞ்சை
எடுத்துக் கொடுத்துவிட்டு
டிக்கெட்டின் பின்னால் எழுதிய ஏழு ரூபாயை
என் உள்ளங்கையில் எண்ணி வைக்கிறார்.
மெதுவாகக் கேட்டேன்,
பின்னால் எவ்வளவு இடம் மிச்சம் இருந்தது?

டிரைவர் பக்கம் கண்ணைக் காட்டினார்.
"அத இப்ப எதுக்குங்க.
இன்னும் பதிமூணு வளைவு இருக்குது."

விசில் அடித்தார்.