வரம்பு

கல்முனை. மாடியில் ஓர் அறை, மின்விசிறி பழுது.
திரையில் இறக்காமத்து வட்டை,
வெள்ளம் வந்த மூன்றாம் நாள் ட்ரோன் எடுத்த படம்.
மங்கலாயிருந்தது.
ஒவ்வொரு புள்ளிக்கும் நாற்பது கூட்டச் சொன்னேன்.

தண்ணீரில் வெயில் பட்ட இடமெல்லாம்
கரிக்கட்டையாய்க் கறுத்தது.
"என்னகா இது, வெள்ளத்தில ஓட்டை விழுந்திருக்கு?"
சஹ்மியா எட்டிப் பார்த்தாள்.

இருநூற்று நாற்பத்தொன்பதோடு நாற்பது.
எட்டு பிட்டுக்குள் அந்த விடை கொள்ளாது.
உச்சியைத் தாண்டிய எண்
பூச்சியத்தில் விழுந்து,
முப்பத்துமூன்று என்று எழுந்து நிற்கிறது,
வெட்கமில்லாமல்.

கட்டளையை மாற்றினேன். இரண்டு எழுத்துக் கூட, அவ்வளவுதான்.
இனிக் கூட்டு, ஆனால்
இருநூற்றைம்பத்தைந்தில் நில்.

பதினாறு புள்ளி ஒரே பதிவகத்தில்,
தோளோடு தோள். ஒரே கட்டளையில் பதினாறு கூட்டல்.
நடுவே கண்ணுக்குத் தெரியாத வரம்பு:
ஒருத்தன் வயல் முட்டினாலும்
மற்றவன் வயலுக்குள் ஒரு துளி போகாது.
மிஞ்சியது எங்கே போகும்?
எங்கேயும் இல்லை.
குளம் வான் பாய்ந்தால் ஆற்றுக்காவது தெரியும்.

படம் வெளுத்தது. அழகாகத்தான் இருந்தது.
சஹ்மியா நகத்தால் திரையைத் தட்டினாள்.
"உதுமாலெவ்வைட வயல் எது,
பேரின்பநாயகத்தார்ர எது?"

நட்டஈட்டுப் படிவம் இரண்டு.
நடுவில் ஓடிய வரம்பு இருநூற்று முப்பத்தொன்று,
தண்ணீர் இருநூற்று நாற்பத்தொன்பது.
அந்தப் பதினெட்டில்தான்
இரண்டு வீட்டுக் கணக்கும் கிடந்தது.
இப்போது எல்லாம் ஒரே வெள்ளை.

நாற்பதைத் திரும்பக் கழித்தேன்.
இருநூற்றுப் பதினைந்து,
இருநூற்றுப் பதினைந்து,
இருநூற்றுப் பதினைந்து.
கூட்டியதைக் கழித்தால் பழையபடி ஆகும் என்று
இரண்டாம் வகுப்பில் படித்தது
இங்கே செல்லாது.

சில்லைக் குற்றம் சொல்ல முடியாது.
தன் பதினாறு பாத்தியையும்
உடையாமல் காத்தது அது.
மண்வரம்பையும் பார்த்துக்கொள் என்று
நான் சொல்லவேயில்லை.

மூலப்படத்தை மறுபடி திறந்தேன். அதே மங்கல்.
பெருக்கிப் பெருக்கிப் பார்த்தால்
மயிரிழையாய் ஒரு சாம்பல் கோடு,
அதன்மேல் குத்தி நிற்கும் மண்வெட்டி ஒன்றின்
நீள நிழல்.

யார் வைத்ததென்று படத்தில் இல்லை.