பதின்மூன்றாவது ஆள்

எட்டும் மூன்றும் எண்பத்து மூன்று என்றது
என் முதல் ஜாவாஸ்கிரிப்ட்.
துவாஸ் விடுதி, நான்காம் மாடி, இரவு பதினொன்றரை.
மேல் கட்டிலிலிருந்து பிச்சமுத்து எட்டிப் பார்த்தான்:
"ஒரு நாளைக்கு எண்பத்து மூணு மணி நேரமா?
இந்தக் கணக்குல சம்பளம் போட்டா
தீபாவளிக்குள்ள ஏஜென்ட் கடன் முடிஞ்சிரும்."
சிரிப்புச் சத்தத்துக்குப் பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான்.

பெட்டியில் நான் தட்டிய எட்டு, எட்டு அல்ல.
எட்டு என்கிற எழுத்து.
எழுத்தோடு எழுத்தைச் சேர்த்தால்
கூடாது, ஒட்டிக்கொள்ளும்.
இரண்டுக்கும் நம்பர் என்று ஓர் உறை மாட்டினேன்.
பதினொன்று வந்தது.
வெறும் பதினொன்றைப் பார்த்து அவ்வளவு மகிழ்ந்தவன்
அன்றிரவு சிங்கப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த ஞாயிறு, பட்டியல்.
பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு பெயர்,
அவரவர் ஓவர்டைம்.
ஒன்றில் தொடங்கிப் பன்னிரண்டு முடியச் சுற்று என்றேன்.
சுற்றியது.
கதவோரக் கட்டில் செங்கோடனைக் காணவில்லை.
கடைசியில், ரஃபீக்குலுக்கும் கீழே,
அன்டிஃபைண்ட் என்று ஒருத்தன் நின்றான்.

யார் இவன்?
குறட்டை விடாதவன்,
காலை ஐந்து மணிக் குளியல் வரிசையில் முந்தாதவன்,
கேட்டரிங் சோறு புளித்துவிட்டது என்று திட்டாதவன்.
எத்தனை மணி நேரம் வேலை செய்தாய் என்றால்
நேன் என்கிறான். எண்ணே இல்லை என்று அர்த்தம்.
அவனைக் கூட்டிய மறுகணம்
பன்னிரண்டு பேரின் உழைப்பும் நேன்.
குடம் பாலில் துளி விஷத்தை
அதுவரை பழமொழியில்தான் பார்த்திருந்தேன்.

கணினிக்கு முதல் ஆள் சுழியம் என்று விளக்கினேன்.
செங்கோடன் கோபப்படுவான் என்று நினைத்தால்,
"நெல் அளக்கறப்ப எங்க பக்கம் ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க,
லாபம்னுதான் ஆரம்பிப்பாங்க.
அப்ப நான் லாபம். எழுதிக்க" என்றான்.
ஒன்றைச் சுழியமாக்கினேன்.
முடியுமிடத்தில் ஒரு சமன்குறியை அழித்தேன்.
லாபம் வந்து சேர்ந்தான்.
பதின்மூன்றாவது ஆள்
பெயரில்லாமல் வந்த மாதிரியே
பெட்டியில்லாமல் போனான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கம்தான்.
எம்சியா என்று கேட்க வேண்டிய இடத்தில்
எம்சி என்று சொல்லிவிட்டேன்.
மூன்று சமன்குறி போட்டால் கேள்வி,
ஒன்று போட்டால் ஆணை.
ஓர் ஆகாரம் குறைந்ததில்
பன்னிரண்டு பேருக்கும் மருத்துவ விடுப்பு.
அந்தப் பட்டியலை மட்டும்
அழிக்க விடவில்லை பிச்சமுத்து.

பிறகு மாதச் சீட்டு வந்தது.
செங்கோடனுக்கு ஐம்பத்தேழு மணி நேரம்.
என் நிரல் அறுபத்தொன்று என்றது.

சரி, எங்கோ சொதப்பியிருக்கிறேன்.
அடைப்புக்குறிகளை எண்ணினேன்.
சுழியத்தைப் பார்த்தேன், உறையைப் பார்த்தேன்,
வரிக்கு வரி கன்சோல் லாக் போட்டு
"இப்போ உன் கையில என்ன இருக்கு, காட்டு" என்று கெஞ்சினேன்.
எல்லா வரியும் கையை விரித்துக் காட்டியது.
அறுபத்தொன்று.
திரும்ப ஓட்டினேன்.
அறுபத்தொன்று.

வெளிச்சம் கண்ணில் பட்டு ரஃபீக்குல் எழுந்தான்.
அவனும் செங்கோடனும் ஒரே கேங், ஒரே ஷிஃப்ட்.
ஒன்றும் கேட்காமல் தலையணைக்கடியிலிருந்து
சிமென்ட் படிந்த நோட்டை எடுத்தான்.
மணிக்கு ஒரு கோடு,
ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு.
பன்னிரண்டு கட்டு.
ஓரத்தில் தனியாய் ஒன்று.

பிழை என்னிடம் இல்லை.
அந்த நாலு சொல்லை நம்புவதற்குள்
மணி மூன்றாகிவிட்டது.
இத்தனை வாரத்தில் பிழையென்றால் என்னுடையது;
அப்படித்தானே பழகியிருந்தேன்.

லாரி ஐந்து நாற்பதுக்கு.
சூப்பர்வைசர் முன்னிருக்கையில் வருவார்.
எழுப்பவா என்று கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு கதவோரக் கட்டிலின் கம்பியைத் தட்டினேன்:

"லாபம்,
எந்திரி."