இடப்பக்கக் கண்ணாடி

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில்
மோதிய வாகனத்தின் இலக்கம் என்று ஒரு கட்டம்.
நிரப்பாமல் கொடுத்தால் வாங்கமாட்டார்கள்.
நிரப்பத் தெரிந்திருந்தால்
இந்த வரிசையில் நான் எதற்கு?

மே மாதம், விடியப்புறம் ஐந்தேகால்,
ஆமர் வீதிச் சந்தி.
சிக்னல் மஞ்சளில் மட்டும் சிமிட்டும் நேரம்.
தம்பி சந்தனம் பின் கரியரில் பெட்டி கட்டி
இருநூற்றிருபது இடியப்பம் கொண்டு போனான்,
மருதானையில் மூன்று கடைக்கு.
இரண்டு மணிக்கு எழும்பி நான் பிழிந்தவை.

கார் நிற்கவில்லை.
வெள்ளை என்றாள் வீதி கூட்டும் பெண்.
சாம்பல் என்றார் வங்கிக் காவலாளி.
தம்பிக்கு நிறமே ஞாபகமில்லை.
காருக்குள்ளே ஒரு பாட்டு ஓடியதாம்,
தான் விழுந்த பிறகும்
அது ஓர் அடி பிசகாமல் தூரப் போனதாம்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது
காகங்களுக்கு நல்ல சாப்பாடு.
முன்சில்லு வாய் கோணிக் கிடந்தது.
அதற்குப் பக்கத்தில்,
பிய்த்தெறிந்த காது மாதிரி, வயரோடு
காரின் கண்ணாடி.
கீறல்கூட இல்லை.
விடிகிற வானம் முழுசாக அதற்குள் இருந்தது.

பொலிஸில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள்.
வாசித்துக் காட்டினார் சார்ஜன், நல்ல மனிதர்,
பாதி அவருடைய தமிழ், பாதி என்னுடைய சிங்களம்.
கண்ணாடியை நீட்டினேன்.
"வச்சிருங்க அக்கா, வழக்கு வந்தா கொண்டு வாங்க."
யார் மேல் வழக்கு என்று
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முழங்காலுக்குள் வைத்த தகட்டை
வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள்.
வாங்கினேன். துண்டு இருக்கிறது.
காப்புறுதிக் கந்தோரில் ஒரு பிள்ளை,
நகத்தில் ஊதாப் பூச்சு,
"துவிச்சக்கர வண்டிக்குக் காப்புறுதி இருக்கா?" என்றாள்.
இடியப்பத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றேன்.
சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்தாள்.
"இலக்கம் இல்லாட்டி
நாங்க யாரிட்ட போய்க் கேக்கிறது, அக்கா?"
நான் கேட்க வந்ததும் அதைத்தான்.

அங்கிருந்து பஞ்சிகாவத்தைக்கு நடந்தேன்.
அந்தத் தெருவில் கார் என்று ஒன்றும் இல்லை.
கதவுகள் ஒரு சுவர். விளக்குகள் ஒரு குவியல்.
தொங்கும் ஸ்டியரிங் வளையங்களுக்குக் கீழே
ஒருவர் கல்பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
எந்த மொடல் என்று மட்டும் சொன்னால் போதும்
என்று பையைத் திறந்தேன்.
ஹிஸாம் நானா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.
"இடப்பக்கம். ஒரிஜினல்.
பதினெட்டாயிரம் தாறேன், தங்கச்சி."

மூன்று மாதத்தில் முதல் முதலாக
ஒரு மனிதர் ஒரு தொகை சொல்கிறார்.
தொண்டை அடைத்தது.
பேசாமல் நின்றதை அவர் பேரம் என்று நினைத்தார்.
"சரி, இருபது. ஆள் ரெடியா இருக்கு.
மே மாசத்தில இருந்து ஒருத்தர்
இதே மொடல், இதே பக்கம் கேட்டுட்டு இருக்கார்."
பில் புத்தகத்தின் பின்னட்டையில்
அவருடைய பத்து இலக்கம்.

படிவத்தின் கட்டம் கேட்ட இலக்கம் இதுவல்ல.
இந்த மொடல் கொழும்பில் ஆயிரம் ஓடும்.
அந்த மாதம் எத்தனை பேர்
மதிலில், ஓட்டோவில், பஸ்ஸில் உரசியிருப்பார்கள்.
தெரியும். எல்லாம் தெரியும்.

"விக்கிறேன், நானா.
அவரையே வரச் சொல்லுங்க.
விலைய நான் நேரில சொல்றேன்."

முந்தானையால் ஒரு தரம் துடைத்தேன்.
என் தோளுக்குப் பின்னால் வீதி,
சின்னதாக வந்த கார்கள் பெரிதாகிக்
கண்ணாடியின் ஓரத்தில் காணாமல் போயின.

நானா போனை ஸ்பீக்கரில் போட்டார்.
மணிச்சத்தத்துக்குப் பதிலாக
ஒரு பாட்டு.
யாரும் எடுக்கவில்லை. இன்னும் ஓடுகிறது.
வார்த்தைகளை விட்டுவிட்டு
மெட்டை மட்டும் பிடித்து வைக்கிறேன்,
வீட்டுக்குப் போய்த் தம்பியிடம்
முனகிக் காட்ட வேண்டும்.