பேச்சிமுத்து வாதிடுகிறார்

ஆய்விதழின் படிவத்தில்
குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது, விட்டுவிட முடியாது.
எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்?
முப்பிடாதிக்கு முன்னால் நிற்கும் ஒற்றை 'பே'யை
விரித்து எழுதினேன்.

அதற்கு முன்னால் பதினோரு வருடம்
காலா கோடா ஆவணக் காப்பகம்.
தாள் பறக்குமென்று மின்விசிறியை அணைத்துவிடுவார் காம்ப்ளே.
தாராவித் தோல் கிடங்குகளின் கூலிப் பட்டியல்கள்,
அபராதச் சீட்டுகள்,
வரிசை வரிசையாகப் பெருவிரல்கள்.
பக்கத்து மேசையில் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர்.
நல்ல மனிதர், கட்டிங் சாய் வாங்கித் தருவார்.
தமிழ் மனுக்களை நான் படித்துச் சொல்லச் சொல்ல
எழுதிக்கொண்டார்.
தொழிலாளர்கள் மௌனமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று
புத்தகம் முடிந்தது.
நன்றியுரையில் நான் இருக்கிறேன்,
'உள்ளூர் நண்பர்கள்' என்று.
பன்மையில்.

அபராதம் பிடித்த வாரங்களில் மட்டும்
பட்டியலில் இருப்பவை பெருவிரல்கள் அல்ல.
அத்தனையும் சுண்டுவிரல்.
இதைத்தான் எழுதினேன்.
மூன்று முறை திரும்பி வந்தது.
தரவு அருமை, கோட்பாடு எங்கே என்றார் ஒரு மதிப்பீட்டாளர்.
அந்தப் பேராசிரியரின் நூலைப்
படித்திருக்க வேண்டாமா என்றார் இன்னொருவர்.
படித்தேன். மேற்கோள் காட்டினேன்.
அதன்பிறகு கதவு திறந்தது.

இப்போது லெய்டனில் ஒருவர் எழுதுகிறார்:
"பேச்சிமுத்து இதை மறுக்கிறார்."
டொரண்டோவில் ஒருத்தி:
"பேச்சிமுத்து வாதிடுவதுபோல..."

அப்பா யாரோடும் வாதிட்டு நான் பார்த்ததில்லை.
சுண்ணாம்புக் குழியில் முழங்கால்வரை நின்றுகொண்டு
முக்காதம் ஏசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.
பேச்சு, பெயரில் மட்டும்தான்.
எந்தச் சுண்டுவிரல் அவருடையது என்று
எனக்கு இன்னும் தெரியாது.

திருத்தம் போடச் சொல்லு, அது உன் உழைப்பு, என்கிறாள் ரெஹானா.
இரண்டு வரி தட்டச்சு செய்து அழித்தேன்.

மாகிமில் ரயில் ஏறினால்
அப்பாவுக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும்.
பக்கத்தில் இருப்பவர்கள்
கைக்குட்டையை மூக்கில் வைத்து எழுந்துவிடுவார்கள்.
"நமக்கு யோகம்தாம்ட்டி" என்று
என்னையும் இழுத்து உட்காரவைப்பார்.

நேற்று வந்த தடித்த நூலில்
கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டினேன்.
துணைநூற் பட்டியல், ஆங்கில அகரவரிசை.
பியர்சனுக்கும் பெரைராவுக்கும் நடுவில்
அப்பா.
யாரும் எழுந்திருக்கவில்லை.