பதினோராவது நிரல்

படிவத்தில் பதினோராவது நிரல்:
‘குற்றத்துக்கான காரணம்’.
அதற்கு விட்ட இடம் ஒரு விரலகலம்.
பெயர் எழுதக்கூடாது, பதினாறு வயது.
புன்னாலைக்கட்டுவனில் வெங்காயத் தோட்டம்,
காணாமற்போனது இறைப்பு மிசின் ஒன்று.

டிப்ளோமாவுக்குப் படித்த கோட்பாடுகள்
இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கின்றன.
சுன்னாகச் சந்தையில் கத்தரிக்காய் தெரிகிறமாதிரி
ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்க்கிறேன்
புழுத் துவாரம் இருக்கிறதா என்று.

ஆசை ஓரிடம், வழி வேறிடம்:
இறுக்கக் கோட்பாடு.
பொருந்துகிறது.
ஆனால் அதே ஒழுங்கையில், அதே கடனோடு
இன்னும் பத்துப் பெடியள் இருக்கிறார்கள்.
அவர்கள் ஒரு மிசினும் தூக்கவில்லை.
எல்லாவற்றையும் விளக்குவது
எதையும் விளக்காது என்று
அந்தக் காலக் குறிப்பில்
சிவப்பால் கோடிட்டிருக்கிறேன்.

கூடாத கூட்டு?
அவனுக்குக் கூட்டு ஒரு பழைய சைக்கிள்.
அதற்கும் பிறேக் இல்லை.

பொருள் இருந்தது, காவல் இல்லை, ஆள் வந்தான்.
சுருக்கமானது, சோதிக்கலாம், பொலிசுக்கும் பிடிக்கும்.
இதன்படி குற்றவாளி
அருளம்பலத்தார் வீட்டுக்குக் குடிக்கப்போன
தேத்தண்ணி.

முத்திரை குத்தக் குத்தத்தான்
கள்ளன் உருவாகிறான் என்கிற பக்கத்தை
அவசரமாய் மூடினேன்.
மேசையில் என் றப்பர் முத்திரை
மை காயாமல் கிடந்தது.

பிறகு வாக்குமூலம், இரண்டாம் தாள்:
“நான் விட்டிட்டுப் போகேக்க நாலு பாத்தி மிச்சம்.
திரும்பி வர மிசினைக் காணேல்லை.
ஆனா ஐயா,
நாலு பாத்தியும் நனைஞ்சு கிடந்தது.”

வாய்க்காலை வெட்டி, கட்டி, வெட்டி
கடைசிப் பாத்தி நிறையும்வரை நின்றிருக்கிறான்,
அரை மணித்தியாலம்,
செம்மண் கணுக்கால் வரை.
அதன் பிறகுதான் சூட்டோடு தூக்கியிருக்கிறான்.
முன்கையில் கொப்பளம்: இணைப்பு இரண்டு.

ஏன் தண்ணி மாறினாய் என்று கேட்டேன்.
“வெங்காயம் வாடிக் கிடந்தது, மிஸ்.”
ஏன் தூக்கினாய்?
கொப்பளத்தை ஊதிக்கொண்டிருந்தான்.

ஜெயரூபி எட்டிப் பார்க்கிறாள்:
“வறுமை எண்டு போடும்.
மூண்டரைக்குக் கோட்டுக்குப் பைல் போகவேணும்.”

போட்டேன்.
விரலகலத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது.
நாலு பாத்தி, என்று எழுதினேன்.
பேனையால் இல்லை.
பென்சிலால்.