போக ஆறரை, வர ஒன்றரை

திருத்துறைப்பூண்டி, பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில்
ஜெராக்ஸ், லேமினேஷன், விமான டிக்கெட்.
ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, நான்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர்
இரண்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர்.
பறக்கும் நேரம் நான்கு மணி, கொஞ்சம் முன்னே பின்னே.
சொல்லிச் சொல்லி
வாய்க்கு வழி பழகிவிட்டது.
நான் ஏறிய உயரம்
எங்கள் தெருத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும்தான்.

இடும்பாவனம் தையல்நாயகி
டிக்கெட் எடுக்க வருவதில்லை.
விலை கேட்க வருகிறார்,
மாதம் ஒருமுறை,
ரேஷன் பையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு.
"ஒரு ஆளு. போறதுக்கு இல்ல, வர்றதுக்கு."

ஒருநாள் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
புறப்பாடு, வருகை,
இரண்டையும் விரலால் தொட்டுக் கூட்டினார்.
நாற்றுமுடி எண்ணிப் பழகிய விரல்.
"போக ஆறரை மணி நேரம் ஆவுது.
வர ஒன்றரைதானா?"

அவர்கள் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னே ஓடுகிறது,
போகும்போது பிடித்துக்கொள்வார்கள்,
வரும்போது திருப்பித் தருவார்கள் என்றேன்.
"திருப்பித் தர்றாங்களா?"
அடகுக்கடை வாசலில் கேட்கிற குரல்.

ஒன்றரை மணி நேரம்.
இங்கிருந்து தஞ்சாவூருக்கே
அதற்கு மேல் ஆகும்.

கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில்
புரோட்டாவுக்கு மாவு பிசைகிறவர்
அந்த ஒன்றரை மணி நேரத்தை
ஒன்பது வருஷமாக வந்துகொண்டிருக்கிறார்.
பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில்.
விசா எப்போதோ முடிந்தது.
அபராதம் எவ்வளவு என்று
என் திரைக்குத் தெரியாது.

மேட்டூரில் திறந்த தண்ணீர்
எங்கள் கடைமடைக்கு வர
இருபது நாளும் ஆகும்,
வராமலும் போகும்.
அதன் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் கேட்பதில்லை.
கல்லணை தாண்டிடுச்சா?
நீடாமங்கலம் வந்துடுச்சா?

அவரையும் அப்படித்தான் விசாரிக்கிறேன்.
எதுவரைக்கும் வந்திருக்கார்?
"தூதரகம் வரைக்கும்" என்கிறார் தையல்நாயகி.
போன மாதமும் அங்கேதான் இருந்தார்.

ஒரு விஷயம் சொன்னேன்,
சொல்லியிருக்க வேண்டாம்.
இங்கிருந்து மேற்கே மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்
நள்ளிரவு விமானம் ஏறுகிறவர்கள்
கால் மணி நேரத்தில்
கிளம்பின வீட்டுக்கு மேலேயே திரும்பி வந்து
கடலுக்குப் போகிறார்கள்.
சன்னலில் பார்த்தாலும் தெரியாது.
அத்தனை ஊரும் ஒரே மாதிரி விளக்கு.

அடுத்த மாதம் அவர் விலை கேட்கவில்லை.
"வர்றதும் அதே வழிதானா?"
அநேகமாக.
"அப்ப இந்த ஊரைத் தாண்டித்தான்
திருச்சிக்குப் போயி எறங்கணும்."
சிரித்தார்.
ஒரு கிலோ சர்க்கரை குறைவாகப் போட்டுவிட்டானாம் ரேஷன்காரன்,
அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் திட்டினார்.
பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
முத்துப்பேட்டை பஸ்ஸுக்கு ஓடினார்.

ஒரு ஆள், ஒருவழி.
தேதி கேட்கும் கட்டத்தில்
கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.
மூடாமல் விட்டுவிட்டு
அடுத்தவரின் ஆதார் அட்டையை வாங்கினேன்.
ஜெராக்ஸ், ஒரு காப்பி,
முன்னும் பின்னும்.