மூன்று ரசீதுகள்

ஞாயிறு வெளுக்கும் முன்பே
என் பட்டறை வாசலில் நிற்பார்
நோட்டரி லோடவெய்க்,
தொண்ணூற்று நான்கு கிலோ.
கையில் இருக்கும் சைக்கிள்
ஆறு கிலோ எழுநூறு.

"ஒற்றை விரலால் தூக்கிப் பார்" என்பார்.
தூக்குவேன்.
வாராவாரம் தூக்குகிறேன்.
வாராவாரம் வியக்கவும் வேண்டும்,
அதுவும் சேர்த்துத்தான் கூலி.

கேரார்ட்ஸ்பெர்கனில் மழை பெய்வதில்லை,
கூரை உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.
அதற்குக் கீழே
பளபளக்கும் பதினொரு பேர்
காபிக் கடைச் சுவரில் சைக்கிள்களைச் சாத்துவார்கள்.
எது எதன்மேல் சாயலாம் என்பதற்கு
அங்கே ஒரு சாத்திரம் உண்டு.
பல் மருத்துவர் ஸ்டெய்னின் சக்கரம் வந்தால்
மற்றவை விலகி இடம் விடும்.

மலை என்று அவர்கள் சொல்வது
நூற்றுப் பத்து மீட்டர்க் குன்று, கல் பாவிய பாதை.
பாதியிலேயே இறங்கித் தள்ளுவார்கள்.
தள்ளுவதற்கு
மிக மிக லேசாக இருக்கும்.

தண்ணீர்க் குப்பியைத் தாங்கும் திருகாணி இரண்டையும்
டைட்டானியத்தில் மாற்றச் சொன்னார் லோடவெய்க்.
நாலு கிராம் மிச்சம்.
விலை சொன்னேன். இமை அசையவில்லை.
எதிர்க்கடையில் இந்த ஊர்ப் பாலாடைப் பணியாரம்
சுடச்சுட மூன்று தின்றுவிட்டு வந்து,
வாய் துடைத்தபடி கேட்டார்:
"பெடலில் ஏதாவது குறைக்க முடியுமா?"

வாங்கிய நாளில் அவர் கேட்டது மூன்று ரசீது.
மனைவி மார்லீனுக்கு: ஆயிரத்து எண்ணூறு யூரோ.
காபிக் கடைக்கு: பதினைந்தாயிரம்.
காப்பீட்டுக்கு மட்டும் உள்ளபடி,
பன்னிரண்டாயிரத்து நானூறு.
ஊரார் உயிலுக்கெல்லாம் முத்திரை குத்தும் கை.
என் கையில் மட்டும் என்ன, கிரீஸ்தான்.
எழுதிக் கொடுத்தேன்.

அக்டோபரில், ஈரக் கல்லில்
முன்சக்கரம் வழுக்கியது.
பத்துப் பேரும் ஓடி வந்து கேட்டார்களாம்:
"சைக்கிளுக்கு ஒன்றும் ஆகலையே?"
தோளெலும்பு இரண்டாகிக் கிடந்தவரும்
அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

காரின் பின்னிருக்கையில் படுக்க வைத்து
மார்லீன்தான் கொண்டு வந்தார் அதை.
கீறல்கூட இல்லை.
கார்பனை நம்ப முடியாது என்றேன்.
இரண்டு யூரோக் காசை எடுத்து
குழாய் நெடுகத் தட்டினேன்,
சந்தையில் சட்டி வாங்குகிறவன் போல.
டிங். டிங். டிங்.
இருக்கைக்கு ஒரு சாண் கீழே
டொப்.

காசைக் கேட்டு வாங்கினார்.
அந்த இடத்திலேயே தட்டினார்,
நாலு தடவை, காதை வைத்து.
பிறகு கைப்பையைத் திறந்து
மேசைமேல் அடுக்கினார்
மூன்று ரசீது.

மருத்துவமனைக் காப்பீட்டுத் தாளைத் தேடப் போனாராம்.
நோட்டரி அல்லவா,
எந்தக் காகிதத்தையும் கிழிக்க மனம் வராது.
தேதி வாரியாகக் கோத்து வைத்திருந்தார்.

"இதில் எது நீங்கள் எழுதியது?"
"மூன்றும்."
"கையெழுத்து மட்டும் மாறவே இல்லை" என்றார்.
திட்டியிருக்கலாம். திட்டவில்லை.
போகிற போக்கில்
சைக்கிளின் அடியில் ஒற்றை விரலைக் கொடுத்துத் தூக்கினார்,
ஈரக் குடையை நகர்த்துவது போல
ஓரமாக வைத்தார்.

அதற்கப்புறம் நாலாவது ஞாயிறு.
ஸ்டெய்ன் புதிது வாங்கியிருந்தார்:
ஆறு கிலோ நானூறு.
"தூக்கிப் பார்" என்றார். தூக்கினேன்,
வழக்கம்போல வியந்தேன்.

பேருந்தில் வந்திருந்தார் லோடவெய்க்,
இடக்கை தூளியில் தொங்க.
கூட்டத்தை விலக்கி நெருங்கி
வலக்கைச் சுட்டுவிரலை மெல்ல நுழைத்துத்
தூக்கினார்.

அவரும் வியந்தார்,
கூலி வாங்காமல்.